சம்பளமில்லாத குமாஸ்தாக்கள்

நான் பணி ஓய்வு பெற்றது 2010இல். அத்தோடு குமாஸ்தா வேலை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பதினைந்து வருடமாகக் குமாஸ்தா வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் எழுது, அப்பா பெயர் எழுது, பிறந்த தேதி எழுது, கட்டத்தில் டிக் போடு, நகல் எடுத்து இணை, எண்ணைக் குறித்து வை, ஒரு வாரம் கழித்து நிலவரம் பார். முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த அதே வேலை. இப்போது சம்பளம் இல்லை, டி.ஏ. இல்லை, தற்செயல் விடுப்பும் இல்லை. மேசை, நாற்காலி, மின்விசிறி, பேனா, மை எல்லாவற்றையும் அப்போது சர்க்கார் கொடுத்தது. இப்போது செல்போன் நம் காசு, ரீசார்ஜ் நம் காசு, கண் வலி நமக்கு.

கணினி வந்து குமாஸ்தாவை ஒழித்துவிட்டது என்று பேசுகிறார்கள். ஒழிக்கவில்லை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவனை எழுப்பி அனுப்பிவிட்டு, வெளியே வரிசையில் நின்றவனை அந்த வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இன்றைக்கு மறுக்க வந்தேன்.

ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 ஆகஸ்டில் இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. கவுண்டரில் ஒரு ஊழியர் தட்டச்சு செய்த பெயர், வயது, வண்டி எண், வகுப்பு எல்லாவற்றையும் இப்போது பயணியே தட்டச்சு செய்கிறார். காகிதமும் அவருடையது, மின்சாரமும் அவருடையது. இவ்வளவு செய்துகொடுத்தவருக்கு ரயில்வே தள்ளுபடி தரவேண்டாமா? தருவதற்குப் பதில் வசூலிக்கிறது. அதற்கு 'வசதிக் கட்டணம்' என்று பெயர். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்தின்போது அதை நிறுத்தி வைத்தார்கள். 2019 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். குளிர்சாதனம் இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாய், யுபிஐயில் கட்டினால் 10, 20, அதற்குமேல் ஜிஎஸ்டி. கவுண்டருக்குப் போய், சம்பளம் வாங்கும் ஊழியரின் நேரத்தை எடுத்துக்கொண்டு, ரயில்வே காகிதத்தில் டிக்கெட் வாங்கினால் இந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் வேலையை அவர்களே செய்தால் இலவசம், நாம் செய்துகொடுத்தால் கட்டணம். இந்தக் கணக்கை எந்த அக்கவுண்டென்ட் போட்டாரோ தெரியவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போய்வரும் ஆட்டோ காசு மிச்சம்தானே மாமா?" என்று என் மருமகன் கேட்டார். மிச்சம்தான் மாப்பிள்ளை, மறுக்கவில்லை. எனக்கு மிச்சமானது ஆட்டோ காசு. அந்தப் பக்கம் மிச்சமானது ஒரு கவுண்டர், ஒரு ஊழியர், அவருடைய பென்ஷன். அதில் என் பங்கு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

இது என் கற்பனை இல்லை. ஊதியம் தராமல் மக்கள் தலையில் கட்டப்படும் இந்த வகை உழைப்புக்கு 'நிழல் வேலை' என்று இவான் இல்லிச் 1981இலேயே பெயர் வைத்துப் புத்தகம் எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பேய் வேலை' என்ற பொருள்படும்படி மொழிபெயர்த்தார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. செய்பவன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2008இல் மரி-ஆன் துய்ழாரியே என்ற சமூகவியல் பேராசிரியை 'நுகர்வோரின் உழைப்பு' என்ற தலைப்பில் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். துரித உணவுக்கடையில் தட்டை எடுத்துவைப்பதிலிருந்து இயந்திரத்தில் டிக்கெட் எடுப்பதுவரை, வாடிக்கையாளரைக் கம்பெனிகள் எப்படி வேலைக்கு வைத்துக்கொள்கின்றன என்பதைப் பிட்டுப் பிட்டு வைக்கிறார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டதற்கு இந்த மாதிரிப் புத்தகம் படிக்கக் கிடைப்பதுதான் எனக்கு மிஞ்சிய லாபம். ஆபீசில் அந்தப் படிப்பை வைத்து ஒரு இன்கிரிமென்ட்கூடக் கிடைக்கவில்லை.

சுயசேவை என்பதே பழைய சரக்குதான். 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சான்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு மளிகைக்கடை திறந்தார். அதுவரை மளிகைக்கடை என்றால் நம்மூர்ச் செட்டியார் கடை மாதிரிதான். சீட்டை நீட்டினால் கடைப்பையன் எடுத்துப் பொட்டலம் கட்டித் தருவான். சான்டர்ஸ்தான் கூடையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, நீயே எடுத்துக்கொள் என்றார். அந்த அமைப்புக்கு 1917இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் ஒன்று, கடைப்பையன் சம்பளம் குறைந்ததால் சாமான் விலையும் குறைந்தது. வேலையை வாங்கிக்கொண்டு அதற்குக் கூலியாக விலையைக் குறைத்தார். வியாபாரி என்றால் அப்படி இருக்கவேண்டும். பிக்லி விக்லியைவிட மோசமாக ஒரு சர்க்கார் நடந்துகொள்ளலாமா?

தொலைபேசியும் அப்படித்தான். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் நடத்தியவர். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்த பெண் தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டிக்காரனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில்தான் ஆள் இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் கருவியை அவர் யோசித்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. காப்புரிமை 1891இல் கிடைத்தது. எண்ணைச் சுழற்றும் வேலை அத்தோடு நம்முடையதாயிற்று. நம் நாட்டில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்டிடி வந்தது; நம் தெருவுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு, சாதாரணமா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று யோசித்து, மணிக்கணக்காக வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், எண்ணைத் தானே சுழற்றுவது எவ்வளவு பெரிய விடுதலை என்று. அங்கே நாம் கொடுத்தது பத்துத் தடவை விரல் சுழற்றும் வேலை. பெற்றுக்கொண்டது அரை நாள். இந்தப் பண்டமாற்றில் எனக்குக் குறையே இல்லை.

ஆகையால் என்னைக் கணினிக்கு எதிரி என்று யாரும் கட்டம் கட்டிவிட வேண்டாம். குபேர் அங்காடியில் மீன் வாங்கிவிட்டு யுபிஐயில்தான் கட்டுகிறேன். அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறதே, க்யூஆர் கோடு, அதை 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் கம்பெனியில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் கார் உதிரிபாகங்களை எண்ணிவைப்பதற்காகச் செய்தார்கள். காப்புரிமையை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்காமல் உலகத்துக்கே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று மீன்கூடையின் ஓரத்தில் செதில் ஒட்டிக்கொண்டு அது தொங்குகிறது. சில்லறைக்கு அலைய வேண்டாம், கிழிந்த நோட்டு வந்துவிட்டதே என்று முணுமுணுக்க வேண்டாம். மீன்காரம்மாவுக்கும் லாபம், எனக்கும் லாபம். பிடிக்காவிட்டால் ரூபாய் நோட்டை நீட்டலாம். வாங்கமாட்டேன் என்று அந்த அம்மா சொல்வதில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். படிப்பறிவு அதிகம் இல்லாத அந்த அம்மா இரண்டு வழியும் திறந்து வைத்திருக்கிறார். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள்தான் ஒரு வழியை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறக்கிறார்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

தமிழனுக்குப் பெயர் ஒன்று, முன்னால் ஓர் எழுத்து. அந்த எழுத்து அப்பா. இணையப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டால் போதாது என்கிறது. காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால், அப்புறம் எல்லாக் கடிதமும் அவர் பெயருக்கு வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகிறது. புதுச்சேரிக்காரனுக்கு இதற்கு மேலும் ஒரு வம்பு உண்டு. பிரெஞ்சுக்காலத்துப் பதிவேட்டில், எத்தா சிவிலில், 'உ' என்ற ஒலிக்கு 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து போட்டு எழுதுவார்கள். ஆதாரில் ஆங்கில வழக்கப்படி 'யூ' மட்டும் இருக்கும். முத்து என்பவர் ஒரு காகிதத்தில் ஆறேழு எழுத்தாகவும் இன்னொன்றில் ஐந்து எழுத்தாகவும் இருப்பார். 'பெயர் பொருந்தவில்லை' என்று இயந்திரம் தள்ளிவிடுகிறது. இப்படி இரண்டு பெயரோடு வந்தவர்கள் எங்கள் மேசைக்கு எத்தனை பேர்! பிறந்த தேதியைப் பார்ப்போம், தாயார் பெயரைப் பார்ப்போம், தெருவை விசாரிப்போம், 'இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவோம். பத்து நிமிட வேலை. அதற்குத் தேவை கொஞ்சம் மூளை, கொஞ்சம் ஊர்ப்பழக்கம். இந்த இரண்டையும்தான் சேமிப்பு என்று சொல்லி வெட்டியிருக்கிறார்கள்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது நம்மில் பலருக்குத் தெரியும். சாதி வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். லாப்போர்த் என்றால் கதவு. அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் நிறையப் பேசலாம். ஆனால் அந்த ஆணை விரும்பியவர்களுக்கு மட்டும்தான். பெயரைக் கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு ஒரு சட்ட உரிமை கிடைத்தது. இன்றைக்கு ஒரு மின்கட்டணப் பக்கமும் காஸ் பதிவுப் பக்கமும் யாரையும் கேட்காமல் தமிழன் ஒவ்வொருவனையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. பதிலுக்குக் கிடைப்பது ஓடிபி. அதுவும் முப்பது வினாடியில் காலாவதியாகிவிடும்.

அடுத்தது உயிர்ச்சான்று. பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோரும் நவம்பர் மாதத்தில் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். எண்பது கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே காட்டலாம். நியாயமான ஏற்பாடுதான். செத்தவன் பென்ஷனை வாங்கித் தின்ற புண்ணியவான்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் கருவூலத்தில் ஒரு பெஞ்ச் போட்டிருப்பார்கள். வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குமாஸ்தா முகத்தைப் பார்ப்பார், புத்தகத்தில் ஒட்டிய போட்டோவைப் பார்ப்பார், கையெழுத்து வாங்குவார். குடும்ப பென்ஷன் வாங்கும் பாட்டிகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக்கொடுக்க வேண்டும். எண்பது வயதுக் கிழவி பொக்கைவாயைத் திறந்து, "மாப்பிள்ளை பாரு தம்பி, பண்ணிக்கிறேன்" என்று சொல்ல, கருவூலமே சிரிக்கும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம் சொல்தாக்கள் வீட்டிலும் இதே கதைதான், அங்கே அதற்கு 'செர்த்திஃபிக்கா த வீ' என்று பெயர்.

2014 நவம்பர் 10ஆம் தேதி 'ஜீவன் பிரமாண்' தொடங்கினார்கள். விரல்ரேகை வைத்தால் போதும், வங்கிக்கு வரவேண்டாம் என்றார்கள். நல்ல எண்ணம். ஆனால் வயதானால் விரல்ரேகை தேயும், தோல் வறளும் என்பது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே? நாற்பது வருடம் சுண்ணாம்பும் சிமென்டும் குழைத்தவர், பாத்திரம் தேய்த்தவர், வலை இழுத்தவர் இவர்கள் விரலில் ரேகைக்கு எங்கே போவது? உழைத்து உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து, நீ ஆள் இல்லை என்று கருவி சொல்கிறது. பிறகு 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்று மாற்றினார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு முடித்துக்கொடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் அதில் ஒரு மனிதர் இருக்கிறார். கருவி சண்டித்தனம் செய்தால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்வார், கையைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்.

சென்ற நவம்பரில் நான் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். மேசையிலிருந்த பெண் நல்ல பெண்தான், சிரித்த முகம். "ஆப்ல போட்டுடுங்க அங்கிள், ஈஸி" என்றாள். "அம்மா, நான்தான் உன் எதிரிலேயே நிற்கிறேனே, என்னைப் பார், உயிரோடு இருக்கிறேனா இல்லையா?" என்று கேட்டேன். "நான் பார்த்தா ஆகாது அங்கிள், சிஸ்டம் பார்க்கணும்" என்றாள். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் என் செல்போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணைச் சிமிட்டு என்றது. சிமிட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றது. வெளியே போய் வெயிலில் நின்று சிமிட்டினேன். கண்புரை அறுவை செய்த கண், வெயிலில் தானாகவே சிமிட்டும். அது சிமிட்டியதாகக் கணக்கில் வரவில்லை. ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம், கிழவருக்கு என்ன ஆயிற்று, யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். நாலாவது தடவையில் ஏற்றுக்கொண்டது. எனக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதில் கோபப்பட வேண்டியது அந்தப் பெண்ணின்மேல் அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனைத் தன் கண்ணால் பார்த்து, ஆமாம், இவர்தான் என்று சொல்லும் அதிகாரத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்த அதிகாரம்தான் எங்கள் வேலையாக இருந்தது. மற்றதெல்லாம் எழுத்து.

நம் வீடுகளில் பிள்ளைகள் உதவ மாட்டார்களா என்று கேட்பார்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பாதிப் பேர் பெங்களூரு, மீதிப் பேர் பாரிஸ். அப்பாவின் கணக்குக்குப் பிள்ளையின் செல்போன் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே காலை பத்து மணிக்கு ஓடிபி போனால் அங்கே விடிந்திருக்காது. கடைசியில் தெருமுனை ப்ரவுசிங் சென்டர்தான் கதி. இதுதான் எனக்குப் பொறுக்காத இடம். இணையம் வந்தால் இடைத்தரகர் ஒழிவார் என்றார்கள் இல்லையா? எங்கள் காலத்தில் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் ஒரு மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். பழைய ரெமிங்டன், ஒரு மடக்கு மேசை. அவர் மனுவை எழுதுவார், காசை வாங்குவார், அத்தோடு சரி. இன்றைக்கு அவருடைய வாரிசு உங்கள் ஆதார் எண்ணை வைத்திருக்கிறார், பான் எண்ணை வைத்திருக்கிறார், கடவுச்சொல்லையும் அவரே வைத்துத் தந்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுக்கிறார், "ஓடிபி வந்துச்சா தாத்தா, சொல்லுங்க" என்று பத்துப் பேர் நடுவில் கேட்கிறார். அந்தப் பையன்களில் யோக்கியர்கள்தான் அதிகம். ஆனால் யோக்கியதையை நம்பி நடத்துகிற ஏற்பாட்டுக்கு இத்தனை கோடி செலவில் பாதுகாப்பு எதற்கு? ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. யாரிடமாவது சொன்னால்தான் நடக்கும் என்று ஒரு ஏற்பாடு. இரண்டையும் செய்வது ஒரே ஆட்கள்.

என் நண்பர் ஒருவர், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைப் படிக்கும்போதே என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "உங்க ஆளுங்க என்ன கொஞ்சமா அலைக்கழிச்சீங்க? நாளைக்கு வா, சார் லீவு, சாப்பாட்டு நேரம், கோப்பு மேலே போயிருக்கு! இயந்திரம் டீக்காசு கேட்கலையே ஐயா!" கேட்கவில்லைதான். எங்கள் சாதியில் கை நீட்டினவர்கள் இருந்தார்கள், சோம்பேறிகள் இருந்தார்கள், வேண்டுமென்றே கோப்பைக் கட்டிவைத்தவர்கள் இருந்தார்கள். இணையத்தால் அது குறைந்திருக்கிறது, அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் ஆசிரியரே, ஒரு விஷயம். கோப்பில் ஒரு மனுவை நிராகரித்தால் இன்ன காரணத்தால் என்று குறிப்பு எழுதவேண்டும், எழுதினவர் சுருக்கொப்பம் போடவேண்டும், மேலே உள்ளவரும் போடவேண்டும். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று தெரியும். கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பச்சை நிறத் தாள்தான் சாட்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, 4(1)(டி) பிரிவில், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். இயந்திரம் என்ன சொல்கிறது? 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்.' என்ன தவறு? யாருடைய தவறு? பிறகு என்றால் எப்போது? இப்படி ஒரு குறிப்பை நான் கோப்பில் எழுதியிருந்தால் எங்கள் சூப்பிரண்டெண்ட் தாளை என் முகத்திலேயே விட்டெறிந்திருப்பார். லஞ்சம் வாங்கினவனைப் பிடித்துக் கொடுக்க ஒரு துறை இருக்கிறது. 'ஏதோ தவறு' என்பவனைப் பிடித்துக் கொடுக்க எங்கே போவது?

வயதானவர்கள் புலம்பத்தான் செய்வார்கள், ஒன்றும் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்பெயினில் வலென்சியாவைச் சேர்ந்த கார்லோஸ் சான் ஹுவான் என்பவர் ஓய்வு பெற்ற மருத்துவர். 2022இல் அவருக்கு வயது 78, பார்க்கின்சன் நோயினால் கை நடுக்கம். வங்கிகள் கிளைகளை மூடி எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றியபோது, 'நான் வயதானவன், முட்டாள் அல்ல' என்று தலைப்பிட்டு ஒரு கோரிக்கையை வெளியிட்டார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிப்ரவரியில் மாட்ரிட் போய் அமைச்சகத்தில் கொடுத்தார். அதே மாதம் வங்கிகளின் சங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கவுண்டரில் ஆள் இருந்து முதியவர்களைக் கவனிப்பது என்று ஒப்புக்கொண்டன. இதில் எனக்கு ஒரு வேடிக்கை. அவர் கையெழுத்துச் சேர்த்ததும் இணையத்தில்தான். அதனால்தான் சொல்கிறேன், சண்டை இணையத்தோடு இல்லை.

பிரான்சிலும் உரிமைக் காப்பாளர் என்றொரு அரசியலமைப்புப் பதவி உண்டு. அரசு அலுவலகங்கள் முழுக்க இணையத்துக்குப் போவதால் யார் யார் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று 2019இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து 2022இல், என்ன மாறியது என்று கேட்டு இன்னொன்று கொடுத்தார்கள். அலுவலகம் சுமக்க வேண்டிய பாரத்தைக் குடிமக்கள் தலையில் இறக்குகிறீர்கள் என்பதுதான் சாரம். அதே ஆண்டு ஜூன் 3ஆம் தேதி அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், குடியிருப்பு அனுமதி கேட்கும் வெளிநாட்டவர் வழக்கில், இணையத்தில் மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லலாம், ஆனால் முடியாதவர்களுக்கு உதவியும் வேண்டும், அதற்கும் மேல் மாற்று வழி ஒன்றும் இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குடிமகன்கூட இல்லை, வெளிநாட்டவனுக்கு! அந்த நாடு 1980களில் வீடுவீடாக 'மினிட்டெல்' என்ற சின்னத் திரைக்கருவியைக் கொடுத்தது. தொலைபேசிப் புத்தகத்தை அச்சடிப்பதற்குப் பதில் இதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கருவியை இலவசமாகவே தந்தார்கள். 2012 ஜூன் 30 வரை அது ஓடியது. காகிதத்தை எடுத்துக்கொண்டவர்கள் கருவியைக் கொடுத்தார்கள். நமக்குக் காகிதத்தையும் எடுத்துவிட்டு, பத்தாயிரம் ரூபாய்க்குச் செல்போனும் வாங்கிக்கொள் என்கிறார்கள். மூன்று வருடத்தில், இந்தச் செல்போனில் இந்தச் செயலி இனி ஓடாது, புதிது வாங்கு என்றும் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2017 நவம்பர் 9ஆம் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டர், அல்லது முன்னுரிமை தரும் கவுண்டர் இருக்கவேண்டும். பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையில் உயிர்ச்சான்றைக் கொடுத்தாலும் அந்தக் கிளையே வாங்கிக் கணினியில் ஏற்றவேண்டும். சேமிப்புக் கணக்குக்கு வருடத்துக்குக் குறைந்தது 25 காசோலைத் தாள்கள், கேட்டால் இலவசம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பணம் கொண்டுவந்து கொடுப்பது, உயிர்ச்சான்று வாங்கிக்கொள்வது உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே செய்துதர முயற்சி எடுக்கவேண்டும். எவ்வளவு நல்ல சுற்றறிக்கை! கிளைகளில் போய்க் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று. சுற்றறிக்கை என்றால் என்ன, அதை எப்படிக் கோப்பில் போட்டு மறப்பது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா என்ன.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. எல்லா அலுவலகத்திலும் ஒரு ஜன்னல், அதில் ஒரு மனிதர். ஒரு பக்கத்தில் அடங்கும் காகிதப் படிவம். மறுத்தால் காரணம், காரணத்துக்குக் கீழே ஒரு பெயர். அவர்கள் வேலையை நாம் செய்துகொடுக்கும்போது நம்மிடமே காசு கேட்காத மரியாதை. செயலி அதுபாட்டுக்கு இருக்கட்டும், விரும்பியவர்கள் அதில் செய்யட்டும், நானும் பாதி வேலையை அதில்தான் செய்வேன்.

வருகிற நவம்பரில் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளைக்குப் போகப்போகிறேன். காகிதத்தில் எழுதிய உயிர்ச்சான்றை நீட்டி, வாங்கமாட்டோம் என்றால் வாங்க மறுத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பேன். எழுதிக்கொடு என்றால் எந்த அலுவலகத்திலும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், இது எங்கள் தொழில் ரகசியம். உங்களுக்கும் நகல் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், எடுத்து வைக்கிறேன். எங்கள் தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய். அங்கே இன்னும் ரூபாய் நோட்டும் வாங்குகிறார்கள்.